வெளியேறுவதும் தங்குவதும்: துணை வெப்பமண்டலக் காட்டு மண்ணின் சுவாசம்

புவியின் நிலப்பரப்பு முழுவதிலும் மண்ணிலிருந்து ஓராண்டில் காற்றில் கலக்கும் கரியமில வாயுவை, அதிலுள்ள கார்பனின் எடையாகக் கணக்கிட்டால், 2008ஆம் ஆண்டில் அது சுமார் 9,800 கோடி டன் என்று பென் பாண்ட்-லாம்பர்ட்டியும் ஆலிசன் தாம்சனும் 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதன் மூலம் மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் ஏறத்தாழ 1,000 கோடி டன் என்பதோடு ஒப்பிட்டால், மண் விடும் அளவு அதைப்போல் ஒன்பது, பத்து மடங்கு பெரியது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து கரியமில வாயு இவ்வாறு இடைவிடாமல் வெளிப்படுவதையே ‘மண் சுவாசம்’ என்று அறிவியலாளர் குறிக்கின்றனர். மண்ணுக்கு நுரையீரல் இல்லை. சுவாசிப்பவை அதிலுள்ள வேர்களும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புழுக்களும் கறையான்களுமே என்றாலும், மேற்பரப்பில் நின்று அளப்பவருக்கு இவை அனைத்தின் மூச்சும் ஒரே ஓட்டமாகக் கிடைப்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பெரிய எண்ணைக் காணும் வாசகர், புவி வெப்பமடைவதில் மனிதரைவிட மண்ணுக்கே பங்கு அதிகம் என்று முடிவுகட்டுவதற்கு வாய்ப்புண்டு. அப்படி வாதிடுவோரும் இருக்கின்றனர். அது கணக்கை ஒரு பக்கம் மட்டும் படிப்பதால் வரும் பிழை. மண்ணிலிருந்து வெளியேறும் கார்பனில் மிகப் பெரும்பகுதி, சில நாட்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ முன்பு இலைகள் ஒளிச்சேர்க்கையின் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. நிலக்கரியின் கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுழற்சிக்கு வெளியே கிடந்தது; அதை எரித்துக் காற்றில் சேர்த்தால் அதற்கு ஈடான வரவு எதுவும் மறுபக்கத்தில் இல்லை. ஆகவே ஒரு காட்டு மண் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது என்ற கேள்விக்குத் தனியாக விடை சொல்வதால் பயன் குறைவு. வெளியேறுவது புதிய கார்பனா பழைய கார்பனா, வரவுக்கும் செலவுக்கும் இடையே எஞ்சுவது என்ன, அந்த எச்சம் எந்தத் திசையில் மாறுகிறது என்பவையே ஆராய வேண்டியவை. துணை வெப்பமண்டலக் காடுகள், குறிப்பாகத் தென்சீனத்தின் பருவமழைக் காடுகள், இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஏற்ற களங்கள்.

மண் சுவாசத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, உயிருள்ள வேர்களும் அவற்றோடு கூட்டுவாழ்வு நடத்தும் வேர்ப்பூஞ்சைகளும் தம் வளர்ச்சிக்காகச் சர்க்கரையை எரிப்பதால் வருவது. இதைத் ‘தன்னூட்டச் சுவாசம்’ என்பர். மற்றது, உதிர்ந்த இலை, முறிந்த கிளை, இறந்த வேர், மட்கு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் வருவது. இது ‘பிறவூட்டச் சுவாசம்’ எனப்படும். காடு கார்பனை இழக்கிறதா சேர்க்கிறதா என்பதற்கு நேரடித் தொடர்புடையது இரண்டாவதுதான். ஆனால் மேற்பரப்பில் இரண்டும் கலந்தே வெளிவருவதால் அவற்றைப் பிரித்தறிவது இத்துறையின் நெடுநாள் தொல்லை. சிறு பரப்பைச் சுற்றி அகழி வெட்டி வேர்களைத் துண்டித்துப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் துண்டிக்கப்பட்ட வேர்களே மட்கத் தொடங்கி அளவைக் கூட்டிவிடும் என்பதோடு, நீரை உறிஞ்ச வேர் இல்லாததால் அந்தப் பரப்பில் ஈரமும் ஏறிவிடும். ஸ்வீடனின் வட பகுதியில் ஒரு பைன் காட்டில் பீட்டர் ஹோக்பெர்க் குழுவினர் வேறு வழியைக் கையாண்டு, மரங்களின் பட்டையை வளையமாகச் சீவியெடுத்து, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்குவதைத் தடுத்தனர். ஓரிரு மாதங்களுக்குள் மண் சுவாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதை 2001இல் அவர்கள் அறிவித்தபோது, காட்டு மண் விடும் மூச்சில் பெரும்பகுதி அண்மையில் மரம் தயாரித்த உணவிலிருந்தே வருகிறது என்பதற்கு மறுக்க முடியாத சான்று கிடைத்தது.

கடகரேகையை ஒட்டிய அட்சரேகைகளில் உலகின் பல பகுதிகள் பாலைநிலமாகவே உள்ளன. சகாராவும் அரேபியப் பாலைவனமும் தார்ப் பாலைவனமும் இவ்வரிசையில் வருபவை. கிழக்காசியா இதற்கு விலக்காக இருப்பதற்குக் காரணம், கோடையில் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று. வெப்பமும் மழையும் ஒரே காலத்தில் வந்து சேர்வதால் அங்கு என்றும் பசுமையான அகன்ற இலைக் காடுகள் தழைத்திருக்கின்றன. யூ குய்ருய் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழக்காசியப் பருவமழைப் பகுதியில் 20 முதல் 40 பாகை வட அட்சம் வரையிலான காடுகள், சுவாசச் செலவெல்லாம் போக, ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குச் சராசரியாக 362 கிராம் கார்பனை நிகரமாக உள்வாங்குகின்றன. அமேசானையும் சைபீரியாவையும் பற்றியே பேசிவந்த கார்பன் ஆய்வுலகம் இப்பகுதியைத் தாமதமாகவே கவனித்தது என்று சொல்ல வேண்டும்.

இப்பகுதியில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடம் குவாங்டாங் மாகாணத்தின் ஜாவோசிங் நகரை ஒட்டியுள்ள திங்ஹூஷான் மலை. 1956இல் சீனத்தின் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இம்மலை, 1979இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பிலும் சேர்க்கப்பட்டது. ஆண்டு மழை 1,900 மில்லிமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி மார்ச் முதல் ஆகஸ்டுக்குள் பெய்துவிடும். மலையிலுள்ள பௌத்த ஆலயத்தைச் சூழ்ந்த பகுதியைத் துறவிகள் வெட்டாமல் காத்துவந்ததால், 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதிர்காடு ஒன்று அங்கே எஞ்சியிருக்கிறது. காஸ்டனாப்சிஸ், ஷீமா, கிரிப்டோகாரியா இனங்கள் அதன் மேலடுக்கை நிறைக்கின்றன. அதற்குச் சற்றுத் தள்ளி, 1930களில் நடப்பட்ட பைன் காடும், பைனுக்கிடையே அகன்ற இலை மரங்கள் தாமாக நுழைந்து உருவான கலப்புக் காடும் உள்ளன. பைன் காட்டில் ஊர்மக்கள் அடுப்பெரிக்கச் சருகையும் புதரையும் பல பத்தாண்டுகள் அள்ளிச் சென்றதால் அதன் மண் மெலிந்தது. ஒரே மழை, ஒரே மலை, ஆனால் மனிதக் கை பட்ட அளவு வேறு என்ற இந்த அமைப்பை ஆய்வாளர் எவரும் திட்டமிட்டு உருவாக்கியிருக்க முடியாது.

மண் சுவாசத்தை அளக்கும் முறை, அடிப்படையில், ஸ்வீடன் நாட்டு ஹென்ரிக் லுண்டேகோர்ட் 1920களில் மண்ணின் மேல் கலம் கவிழ்த்து அளந்த காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்த வளையம் ஒன்றை மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, உள்ளே முளைத்த செடிகளைக் கிள்ளிவிட்டு, மண் கலைந்த பாதிப்பு அடங்கும்வரை பல நாட்கள் அப்படியே விட்டுவைப்பார்கள். பிறகு அளக்கும் நாளில் வளையத்தின் மேல் மூடுகலத்தைப் பொருத்தி, உள்ளே அடைபட்ட காற்றில் கரியமில வாயு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். முன்பு சோடா சுண்ணாம்பில் வாயுவை உறிஞ்சவிட்டு எடை போட்டனர். பின்னர் ஊசிக்குழலால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சி ஆய்வகத்தில் பகுத்தனர். இப்போது அகச்சிவப்புக் கதிரைக் கரியமில வாயு உட்கவரும் தன்மையைக் கொண்டு இயங்கும் பகுப்பாய்வுக் கருவி ஓரிரு நிமிடங்களில் விடை தந்துவிடுகிறது. அளப்பவர் கலத்தருகே குனிந்து மூச்சுவிட்டாலே கணக்குக் கெடும், ஏனெனில் மனித மூச்சில் அவ்வாயுவின் செறிவு காற்றிலுள்ளதைப்போல் நூறு மடங்கு. வளையத்தை மிக ஆழமாக அடித்தால் மேலோட்டமான நுண்வேர்கள் அறுபட்டு அளவு குறையும். ஆழம் போதாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசியும். ஓர் அடி தள்ளி இன்னொரு வளையம் வைத்தால் அங்கே ஒரு கறையான் வழியோ அழுகிய வேரோ இருந்து, இருமடங்கு விடை வரக்கூடும் என்பதால் ஒரே காட்டில் பல வளையங்கள் தேவைப்படுகின்றன.

திங்ஹூஷான் முதிர்காட்டில் 2005 அக்டோபர் முதல் ஓராண்டு நடந்த அளவீட்டில் ஒரு சதுர மீட்டர் மண் மணிக்குச் சராசரியாக 69 மில்லிகிராம் கார்பனை விட்டதாக மோ ஜியாங்மிங் குழுவினர் பதிவுசெய்துள்ளனர். ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் இது சுமார் 604 கிராம். ஒரு ஹெக்டேருக்கு ஆறு டன் கார்பன். கரியமில வாயுவாகவே சொன்னால் 22 டன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெக்கையும் மழையும் மிகுந்த மாதங்களில் இது உச்சத்திலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட குளிரில் அடியிலும் இருந்தது.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் சுவாசம் எத்தனை மடங்காகும் என்பதை ‘க்யூ-10’ என்ற எண்ணால் குறிப்பது வழக்கம். இக்காட்டில் அது 2.6 எனக் கிடைத்தது. பருவநிலை மாதிரிகளை உருவாக்குவோர் இத்தகைய எண்ணை எடுத்துக்கொண்டு, எதிர்காலத்தில் வெப்பம் ஏறினால் மண் எவ்வளவு கூடுதலாக விடும் என்று கணிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அங்கேதான் எச்சரிக்கை தேவை. பருவமழை நிலத்தில் வெப்பமும் ஈரமும் கைகோத்து ஏறி, கைகோத்து இறங்குகின்றன. அதே மாதங்களில்தான் மரமும் துளிர்த்து வேருக்கு அதிகச் சர்க்கரை அனுப்புகிறது. ஆகவே 2.6 என்ற எண்ணில் வெப்பத்தின் விளைவோடு மழையின் விளைவும் வேர் வளர்ச்சியின் விளைவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரத்தின் விளைவும் ஒரே சீரானதன்று. வறண்ட மண்ணில் நுண்ணுயிர்க்கு உணவைக் கரைத்துத் தர நீர்ப்படலம் இல்லாததால் சுவாசம் தாழ்கிறது. நீர் நிரம்பிய மண்ணில், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே நீரில் ஆக்சிஜன் பரவுவதால், மூச்சுத் திணறித் தாழ்கிறது. இடைப்பட்ட ஈரத்தில்தான் உச்சம். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் கரியமில வாயு திடீரென்று பீறிடுவதைக் கென்யாவின் முகுகாவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் 1950களில் விரிவாக ஆராய்ந்தார். அவர் பெயராலேயே வழங்கும் இவ்விளைவு, வறட்சியும் பெருமழையும் மாறிமாறி வரும் இடமெங்கும் கணக்கில் சேர்க்க வேண்டியது.

திங்ஹூஷானைப் புகழ்பெறச் செய்த ஆய்வு சுவாசத்தை அளந்து செய்யப்பட்டதன்று. ஜோ குவோயி தலைமையிலான குழு, 1979 முதல் 2003 வரை முதிர்காட்டின் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டு, கரிமக் கார்பனின் செறிவு சுமார் 1.4 விழுக்காட்டிலிருந்து 2.35 விழுக்காடாக உயர்ந்திருப்பதை 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 0.61 டன் கார்பன் மண்ணில் தங்கியிருக்கிறது என்பது இதன் பொருள். முதிர்ந்த காட்டில் வரவும் செலவும் சமமாகி நிகரச் சேமிப்பு நின்றுவிடும் என்று யூஜின் ஓடம் 1969இல் எழுதியது பாடநூல் கருத்தாகவே ஊன்றியிருந்த நிலையில், 400 ஆண்டு வயதுடைய காட்டின் மண் இன்னும் சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்ற செய்தி அதிர்வை உண்டாக்கியது. ஆண்டுக்கு ஆறு டன்னை மூச்சாக விடும் அதே மண்தான் அறுநூறு கிலோவைத் தங்கவைத்துக்கொள்கிறது. வெளியேறும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆன இந்த எச்சத்தை, வளையத்துக்கு வளையம் இருமடங்கு வேறுபடும் மூடுகல அளவீடுகளைக் கொண்டு கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஏன் சேர்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு விடை நைட்ரஜனிலிருந்து வருகிறது. குவாங்டாங்கின் தொழிற்சாலைகளும் வாகனங்களும் வயல்களில் இடும் உரமும் காற்றில் கலக்கும் நைட்ரஜன் சேர்மங்கள், மழையோடு இக்காட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 கிலோவுக்கு மேல் இறங்கிவந்துள்ளன. வடபுலக் காடுகளில் நைட்ரஜன் தட்டுப்பாடு என்பதால் அது உரமாகிறது. திங்ஹூஷான் முதிர்காட்டிலோ அது ஏற்கெனவே தேவைக்கு மிஞ்சிக் கிடக்கிறது. மேலும் சேர்த்தால் என்னவாகும் என்றறிய, 2003 முதல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50, 100, 150 கிலோ நைட்ரஜன் என மூன்று அளவுகளில் அம்மோனியம் நைட்ரேட் கரைசலை மாதந்தோறும் தெளித்துவந்தனர். முதல் இரண்டு அளவுகளில் மண் சுவாசம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. 150 கிலோ இட்ட பாத்திகளில் மட்டும் சுமார் 14 விழுக்காடு குறைந்தது. க்யூ-10 எண்ணும் 2.2க்கு இறங்கியது. நுண்வேர்களின் எடையும் நுண்ணுயிர்த் திரளும் அங்கே சரிந்திருந்ததைக் கண்டபோது காரணம் விளங்கியது. ஏற்கெனவே புளித்த செம்மண்ணில் நைட்ரஜன் மேலும் அமிலத்தைக் கூட்டி, கால்சியம், மக்னீசியம் போன்ற சத்துகளை நீரோடு கழுவிவிட்டு, வேருக்கு நஞ்சாகும் அலுமினியத்தை விடுவிக்கிறது. பின்னர் லூ ஷியான்கை, பீட்டர் விட்டூசெக் உள்ளிட்டோர் 2021இல் வெளியிட்ட கட்டுரை, நீண்டகால நைட்ரஜன் சேர்ப்பால் இத்தகைய மண்ணில் கார்பன் சேமிப்பு கூடுவதையும், மண் விடும் கரியமில வாயுவும் நீரில் கரைந்து வெளியேறும் கார்பனும் குறைவதே அதற்கு வழி என்பதையும் காட்டியது.

இதைப் படித்ததும் மாசு காட்டுக்கு நன்மை செய்கிறது என்று முடிவுசெய்வது அவசரமாகும். சுவாசம் தாழ்வது மண் நலமாக இருப்பதாலும் நேரலாம், மண்ணின் உயிர்கள் நலிவதாலும் நேரலாம். கருவியின் திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். திங்ஹூஷானில் குறைந்தது வேரும் நுண்ணுயிரும். அப்படிச் சேரும் கார்பனைக் கொண்டு காடு வளம்பெற்றதாகச் சொல்ல முடியாது. சீனத்தில் நைட்ரஜன் படிவு அண்மைக் காலத்தில் ஏறுவது நின்று நிலைப்பட்டுவருகிறது. அமிலம் தணிந்து நுண்ணுயிர் மீண்டெழுந்தால், சிதையாமல் குவிந்தது சிதையத் தொடங்குமா என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெப்பம் கூடினால் நேர்வதைப் பற்றி நேரடிச் சோதனைகள் சொல்வது கவலை தருகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் மண்ணுக்குள் கம்பி பதித்து 5 பாகை சூடேற்றிவந்த சோதனையில், 26 ஆண்டுகளில் மேல் 60 சென்டிமீட்டர் மண்ணின் கார்பனில் 17 விழுக்காடு போய்விட்டது. அதுவும் சீராகப் போகாமல், கூடுதல் இழப்பும் மந்தநிலையும் மாறிமாறி வந்தது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் வெப்பமண்டலக் காட்டு மண்ணை 4 பாகை சூடேற்றியபோது இரண்டே ஆண்டுகளில் கரியமில வாயு வெளியேற்றம் 55 விழுக்காடு உயர்ந்ததாக 2020இல் செய்தி வந்தது. முன்னது குளிர்நிலம், பின்னது வெப்பநிலம். இடைப்பட்ட துணை வெப்பமண்டல மண் இரண்டில் எதைப்போல் நடக்கும் என்பதை இவற்றின் சராசரியால் அறிய முடியாது. செம்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் கரிமப் பொருளை இறுகப் பற்றிக்கொள்வதால் நுண்ணுயிர்க்கு அது எளிதில் எட்டாது என்பது ஒரு தடை. மழை மாறுவது இன்னொரு சிக்கல்: திங்ஹூஷானில் ஆண்டு மழையின் மொத்த அளவு பெரிதாக மாறாவிட்டாலும், மழையில்லா நாட்களும் பெருமழை நாட்களும் கூடி, இடைப்பட்ட மென்மழை நாட்கள் குறைந்துள்ளன. மண்ணின் ஈரம் இறங்கியிருக்கிறது. முதிர்காட்டின் பெருமரங்கள் குறைந்து சிறுமரங்களும் புதர்களும் கூடியிருப்பதையும் ஜோ குவோயி குழுவே 2013இல் பதிவுசெய்தது. ஆகவே, மண்ணில் சேரும் கார்பனைக் கண்டு மகிழ்ந்த அதே ஆய்வாளர்கள், அதற்கு வரவு தரும் மரங்கள் தளர்வதையும் சொல்ல நேர்ந்தது.

மூடுகலத்துக்கு அகப்படாத செலவும் உண்டு. மண்காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு செறிவாக இருப்பதால், கீழிறங்கும் மழைநீரில் அது கரைந்து ஓடைக்குச் சென்று அங்கே காற்றில் கலந்துவிடுகிறது. குய்ஜோ, குவாங்சி பகுதிகளின் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் அந்த நீர் பாறையைக் கரைத்து பைகார்பனேட்டாக மாறிவிடுவதால், மண் விட்ட மூச்சில் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வராமலேயே ஆற்றோடு போகிறது. சுண்ணாம்புக் குன்றின் காட்டையும் கருங்கல் மலையின் காட்டையும் மேற்பரப்பு அளவுகளை மட்டும் வைத்து ஒப்பிடும் அட்டவணைகள் இதனாலேயே நம்பத் தகாதவை.

காடுகளைக் கார்பன் வணிகத்தில் சேர்க்கும் திட்டங்கள் இன்று பெருகிவருகின்றன. அவற்றில் மரத்தின் சுற்றளவை அளந்து கணக்கெழுதுவது எளிது என்பதால் மண் பெரும்பாலும் ஒரு மாறாத எண்ணாகவே எழுதப்பட்டுவிடுகிறது, அல்லது ஓரிரு பருவத்தின் சுவாச அளவுகளைக் கொண்டு அந்த எண் ஒப்பேற்றப்படுகிறது. திங்ஹூஷானின் சான்று இரண்டையும் ஏற்கவில்லை. மண் மாறாமல் இருக்கவில்லை. அந்த மாற்றம் சுவாச அளவில் தென்படவும் இல்லை. 1979இல் எடுத்த மண்ணின் முடிவுகளைப் பதிந்துவைத்து, 24 ஆண்டுகள் அதே காட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்று மாதிரி எடுத்ததால் மட்டுமே அது தெரியவந்தது. ஒரு துணை வெப்பமண்டலக் காட்டின் மண் கார்பனைப் பற்றி உறுதியாகப் பேச விரும்பும் எந்த அரசும் நிறுவனமும் அத்தகைய நெடுங்காலப் பாத்திகளுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பத்தாண்டுக்குக் குறையாத தொடர் அளவீடு இல்லாத மண் கணக்கு எதையும் சந்தையில் விற்க இடம்தரலாகாது.